ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்



சில இதழ்களுக்கு முன்னால் மாசிச் சம்பல் செய்முறை எழுதும்போது, "மாலத்தீவில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருக்கும் என் தங்கை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதி விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக் கொண்டு எத்தனை கடிதங்கள்! "என் மகளுக்கும் அங்கே வேலை வந்திருக்கிறது, அனுப்பலாமா?" என்று ஒரு தாயார். "சாப்பாடு, தண்ணீர் எல்லாம் எப்படி?" என்று இன்னொருவர். "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, ஊரார் பிள்ளைக்கு ஏ, பி, சி, டி சொல்லிக் கொடுக்கக் கடல் தாண்டிப் போகத்தான் வேண்டுமா?" என்று ஒரு சகோதரி கொஞ்சம் காரமாகவே கேட்டிருந்தார்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்வது சுலபம். மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால், அந்தப் பெற்ற பிள்ளையை இரண்டு வருடம் வைத்துக் கொண்டிருந்தவள் நான்தான். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லி விடுகிறேன்.

எங்களுக்குத் தூத்துக்குடி. தங்கை பி.ஏ. முடித்து, மாண்டிஸோரி பயிற்சியும் பெற்றவள். (நான் பிளஸ் டூவோடு அடுப்படிக்கு வந்து விட்டவள்.) தங்கை வீட்டுக்காரர் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் கணக்கு எழுதுகிறார். கட்ட ஆரம்பித்த வீடு லிண்டல் மட்டத்தோடு நின்று விட்டது. சுவர் வளரவில்லை, வட்டி மட்டும் வளர்ந்தது. இங்கே நர்சரிப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த சம்பளம் பஸ்ஸுக்கும் பாலுக்கும் சரியாகப் போய்விடும். இப்படி இருக்கும்போதுதான் 2023-ல் மாலத்தீவு வேலை வந்தது. பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது.

"ரெண்டு வருசந்தானக்கா. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும். நீ பாத்துக்கிடுவ இல்லா?" என்று கேட்டாள். என் மகன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வீடு வெறிச்சென்று கிடந்தது. நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கொண்டேன்.

முதல் வருட லீவுக்கு அவள் வரவில்லை. அந்த டிக்கெட் பணத்தையும் கடனில் கட்டி விட்டாள். "நீ பாப்பாவக் கூட்டிட்டு ஒரு தடவ வந்துட்டுப் போயேன்க்கா. ரெண்டு டிக்கெட்டுக்கு நான் எப்படியாவது மிச்சம் பிடிச்சிருதேன்" என்றாள். 2024 கடைசியில் பாப்பாவைக் கூட்டிக் கொண்டு கிளம்பினேன். மூன்று வாரம் அவளோடு தங்கி, என் கண்ணால் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலு பக்கமும் கடல்

மாலத்தீவு என்றால் நமக்கு ஞாபகம் வருவது நீலத் தண்ணீரும், தண்ணீருக்கு மேலே கட்டிய உல்லாச விடுதிகளும்தான். டீச்சர்கள் இருப்பது அந்த இடம் இல்லை, சகோதரிகளே! சுமார் 1,190 குட்டித் தீவுகள் சேர்ந்த நாடு அது. அவற்றில் ஜனங்கள் ஊராக வாழும் தீவுகள் இருநூறுக்கும் குறைவு. அந்தத் தீவுப் பள்ளிகளில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான். உள்ளூர் ஆசிரியர்கள் போதாததால் நெடுங்காலமாகவே நம் நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் டீச்சர்கள் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே விமான நிலையம். நம் ஊரில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஆட்டோ நிற்குமே, அது மாதிரி அங்கே வாசலில் படகுகள் நிற்கின்றன. படகை அவர்களும் "தோணி" என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பயத்தை ஸ்பீட் போட் கவனித்துக் கொண்டது! இரண்டு மணி நேரம். பாப்பா நன்றாகத் தூங்கினாள். நான்தான் வாந்தி.

தீவின் படகுத் துறையில் தங்கை நின்று கொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து நேராக வந்திருப்பாள் போலிருக்கிறது, சுடிதாரில் வாட்டர் கலர் கறை. ஒரு வருடத்துக்கும் மேலாகப் போனில் மட்டுமே பார்த்த மகளை நேரில் பார்க்கிறாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

பாப்பா என் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக் கொண்டாள். பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, "அம்மா, அந்தா மிஸ் வந்திருக்காங்க" என்றாள்.

எனக்குக் காலுக்குக் கீழே படகு இன்னும் ஆடுவது போல இருந்தது.

காரணம் இருக்கிறது. தினமும் சாயந்திரம் தங்கை போன் பண்ணுவாள். நமக்கு ஏழரை மணி என்றால் அங்கே ஏழு. அவள் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடி வந்து, "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டுக் கொண்டே போனுக்குள் எட்டிப் பார்க்கும். பாப்பாவும் அதைக் கேட்டு "மிஸ்" என்றே கூப்பிடப் பழகி விட்டாள். என்னை முதலில் "பெரியம்மா" என்றுதான் கூப்பிட்டாள். மழலையில் "பெரிய" எங்கோ உதிர்ந்து போய் "அம்மா" மட்டும் நின்று விட்டது. நான் திருத்தவில்லை. "சின்னப் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகி விடும்" என்று எல்லாரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு அது இனித்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

தங்கை நீட்டிய கையை மெல்ல மடக்கிக் கொண்டாள். கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஆமா, மிஸ்தான் வந்திருக்கேன். மிஸ் வீட்டுக்குப் போவோமா? அங்க ஒரு பூனைக்குட்டி இருக்கு" என்றாள். பாப்பா அவள் விரலைப் பிடித்துக் கொண்டாள். பயந்து நிற்கும் பிள்ளையை அதன் போக்கிலேயே கூட்டிப் போவதுதானே அவளுடைய தினப்படி வேலை!

ஒரு டீச்சரின் ஒரு நாள்

அவள் இருந்த தீவைச் சுற்றி நடந்து வர முக்கால் மணி நேரம்கூட ஆகாது. தூத்துக்குடிக்காரிக்குக் கடல் புதிதில்லை. ஆனால் நமக்குக் கடல் ஒரு பக்கம்தான். அங்கே எந்தத் தெருவில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் கடைசியில் கடல்! முதல் இரண்டு ராத்திரி அந்த இரைச்சலில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு வீட்டில் மூன்று டீச்சர்கள். ஒருவர் கேரளம், ஒருவர் இலங்கை, மூன்றாவது என் தங்கை. ஆளுக்கு ஓர் அறை, பொதுவான சமையலறை. விடியற்காலை ஐந்து மணிக்கே மூன்று பேரும் எழுந்து, முறை வைத்துக் கொண்டு சமைக்கிறார்கள். ஒரு நாள் புட்டு, ஒரு நாள் இடியாப்பம், ஒரு நாள் நம் உப்புமா.

அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கப்பலில் வர வேண்டியவைதான். நம் தூத்துக்குடியிலிருந்தே சின்னக் கப்பல்களில் காய்கறியும் கட்டுமானச் சாமானும் மாலேக்குப் போவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாலேயிலிருந்து மறுபடி படகேறித் தீவுக்கு வருவதற்குள் முருங்கைக்காய் வாடி, விலை மட்டும் கொழுத்து விடுகிறது. மீனுக்குப் பஞ்சமில்லை. நாம் சூரை என்கிறோமே, அதுதான் அவர்களுக்கு எல்லாம். அதை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சம் சாறு போட்டுப் பிசைந்து "மஸ் ஹுனி" என்று காலையில் ரொட்டிக்குத் தொட்டுக் கொள்கிறார்கள். நம் மாசிச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி! சைவமாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை என்று ஒப்பேற்ற வேண்டும்.

குடிக்க மழைத்தண்ணீர். வீட்டுக்கு வீடு ஆளுயரத் தொட்டி வைத்துக் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். தலைக்கு ஊற்றினால் முடி நார் மாதிரி ஆகி விடுகிறது. தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக் கொண்டு சமாளிக்கிறார்கள்.

ஆறரைக்கெல்லாம் குடையை எடுத்துக் கொண்டு கிளம்பி விடுவாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளி உண்டு. வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்குக் கிளம்பப் பழகுவதற்கே ஆறு மாதம் ஆயிற்றாம்.

தங்கை வகுப்பில் இருபது பிள்ளைகள். நான்கு, ஐந்து வயது. அவர்கள் பேசுவது திவேஹி மொழி. இவளுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் வாரத்தில் ஒரு பையன் இவளிடம் வந்து, "ஃபாஹானா, ஃபாஹானா" என்றானாம். பெயர் சொல்கிறான் என்று நினைத்து, "வெரி குட்!" என்று கை கொடுத்திருக்கிறாள். அவன் நின்ற இடத்திலேயே நனைத்து விட்டான்! ஃபாஹானா என்றால் கக்கூஸ். "நான் படிச்ச முதல் திவேஹி வார்த்தை அதுதான்க்கா. ரெண்டாவது 'ஃபென்', தண்ணி. இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி டீச்சர் வேலை முடிஞ்சது" என்று சிரித்தாள்.

இன்னொரு வேடிக்கை. ஒரு பிள்ளையின் தாயார் இவளைக் காட்டி என்னிடம், "மிஸ் வரா லோபி" என்றார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. நமக்கு லோபி என்றால் கஞ்சன் அல்லவா? அவர்கள் மொழியில் "லோபி" என்றால் அன்பு, அருமை. "மிஸ் ரொம்ப அருமை" என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார்!

பிரின்ஸ்பால் அம்மாளிடம் அனுமதி வாங்கி, ஒரு நாள் பாப்பாவோடு நானும் வகுப்பில் உட்கார்ந்தேன். பாடம் நடத்துவது என்றால் கரும்பலகையும் குச்சியும் என்று நினைத்துக் கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது.

திவேஹி எழுத்து வலமிருந்து இடமாக எழுதுவது. வீட்டில் அக்கா, அண்ணன் எழுதுவதைப் பார்த்த பிள்ளைகள் ஆங்கிலத்தையும் வலது ஓரத்திலிருந்து தொடங்கி விடுகின்றன. அதற்காக ஒரு பிள்ளையையும் இவள் அதட்டவில்லை. ஒவ்வொரு நோட்டிலும் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு மீன் படம் ஒட்டி வைத்திருக்கிறாள். "மீன் எங்கே இருக்கிறதோ, அங்கேயிருந்து நீந்த வேண்டும்" என்பது அவள் பாடம். பிள்ளை பென்சிலை மீன் மேல் வைத்து நகர்த்துகிறது. அவ்வளவுதான், எழுத்து நேராகி விடுகிறது! நம் வீட்டுப் பிள்ளைகள் எழுத்தைத் திருப்பிப் போட்டாலும் இதைச் செய்து பார்க்கலாம்.

புத்தகத்தில் "டி ஃபார் டாக்" என்று நாய்ப் படம். அந்த நாட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று சட்டம். தீவில் ஒரு நாய் கிடையாது. மலை கிடையாது. ஆறு கிடையாது. ரயில் கிடையாது. பார்க்காத பொருளுக்கு எழுத்தை எப்படிப் பதிய வைப்பது? அதனால் இவள் நாயை விட்டுவிட்டு "டி ஃபார் தோணி" என்று மாற்றி விட்டாள். ஆங்கிலத்தில் அதை டி போட்டுத்தான் எழுதுகிறார்களாம். ரயிலுக்குத்தான் வழி தெரியாமல் அட்டைப் பெட்டிகளைக் கயிற்றில் கோத்து வைத்திருந்தாள். பிள்ளைகள் அதைப் படகு என்று நினைத்துத் துடுப்புப் போட ஆரம்பித்து விட்டன!

பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் தினமும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் போகும். மொட்டை மாடியில் நின்று அதற்குக் கையாட்டாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. விறுவிறுவென்று முன்னால் போய் முதல் பெட்டிக்குள் நின்று, "கூஊஊ... தடதட... தடதட" என்று கிளம்பி விட்டாள். ஒரு நிமிஷம் எல்லாம் முழித்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சட்டையைப் பிடித்துக் கொண்டு பின்னால் சேர்ந்தன. இருபது பிள்ளைகளும் வகுப்பை இரண்டு சுற்றுச் சுற்றின. ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் போட்ட ரயில் சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஒரு பையன். அவன் தாயார் பிரசவத்துக்காக மாலேக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. சின்னத் தீவுகளிலிருந்து பிரசவத்துக்கு முன்கூட்டியே மாலேக்குப் போய்த் தங்குவது அங்கே வழக்கம். பையன் பாட்டி வீட்டில் இருக்கிறான். வகுப்புக்கு வந்தால் என் தங்கையின் மடியை விட்டு இறங்க மாட்டான். ரயில் ஓய்ந்ததும் வழக்கம் போல ஓடிப் போய் மடியில் ஏறிக் கொண்டான். தங்கை ஒரு கையால் அவன் தலையைக் கோதிக் கொண்டே, இன்னொரு கையால் கதைப் புத்தகத்தைப் பிரித்தாள்.

பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே இருந்தாள். திடீரென்று எழுந்து போய் அந்தப் பையனைப் பிடித்துத் தள்ளி, "எந்திரி! இது என் மிஸ்!" என்று கத்தினாள்.

தங்கை யாரையும் அதட்டவில்லை. புத்தகத்தைக் கீழே வைத்து விட்டு, அவனை ஒரு தொடையிலும் இவளை ஒரு தொடையிலும் உட்கார்த்திக் கொண்டு, புத்தகம் இல்லாமலே கதையைச் சொல்லி முடித்தாள். குரல் ஒரு இடத்தில்கூட மாறவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக் கொண்டேன்.

உடம்பையும் பார்த்துக் கொள்ள வேண்டாமா?

இது பெண்களின் ஆரோக்கியப் பத்திரிகை அல்லவா, ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளின் டீச்சர்கள் எந்த ஊரிலும் செய்கிற தப்பு இது. பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் பாத்ரூம் போக முடியாது என்று, காலையிலிருந்து மத்தியானம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. அந்தப் புழுக்கத்தில் வியர்வை வேறு. முதல் வருடத்தில் தங்கைக்கு இரண்டு தடவை சிறுநீர்த் தாரையில் கிருமி தொற்றிக் குளிர் காய்ச்சல் வந்து விட்டது. தீவிலிருக்கும் சுகாதார நிலையத்து டாக்டர் மருந்து கொடுத்து, "மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அடக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னாராம். அதிலிருந்து பக்கத்து வகுப்பு டீச்சரும் இவளும் ஒரு ஏற்பாடு செய்து கொண்டார்கள். நடுக் கதவைத் திறந்து வைத்து, ஒருவர் போனால் ஒருவர் இரண்டு வகுப்பையும் பார்த்துக் கொள்வது. இங்கே இருக்கும் டீச்சர் சகோதரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் பார்லித் தண்ணீரோடு நிறுத்தி விடாமல் டாக்டரிடம் போங்கள்.

இரண்டாவது, தொண்டை. நாள் முழுவதும் பாடிப் பேசி, சாயந்திரம் குரல் கம்மி விடுகிறது. இவள் வகுப்பில் கத்துவதை விட்டு, கை தட்டுகிற தாளத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கி விட்டாள். இரண்டு தட்டு என்றால் உட்கார வேண்டும், மூன்று என்றால் வரிசை. ராத்திரி இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறாள். மூன்றாவது, கொசு. டெங்கு அங்கேயும் உண்டு. மழைத்தண்ணீர்த் தொட்டியை வலை போட்டு மூடி வைப்பது முக்கியம்.

இவளுக்குக் காய்ச்சல் வந்த போது பிள்ளைகளின் தாய்மார்கள் முறை போட்டுக் கொண்டு மீன் ரசம் கொண்டு வந்து கொடுத்தார்களாம். "கருதியா" என்று அதற்குப் பெயர். ஒரு பாட்டி ராத்திரி கூடவே இருந்திருக்கிறார். பாஷை தெரியாத ஊரில் அந்த மனுஷத் தன்மைதான் துணை.

அன்று ராத்திரி

பாப்பா தள்ளி விட்ட அன்று ராத்திரி, அவள் தூங்கின பிறகு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. சொல்லி விட்டேன். "நான்தான்டி தப்புப் பண்ணிட்டேன். என்ன அம்மான்னு கூப்பிட்டப்ப திருத்தியிருக்கணும். காது குத்துக்குக்கூட உனக்காகக் காத்திருக்கல. போன்ல காட்டினாப் போதும்னு நெனச்சிட்டேன்."

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும்க்கா. போன்ல கேட்டுட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

"பின்ன ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அவளக் கொஞ்சம் தள்ளி வச்சிருவியோன்னு பயந்தான். அந்தப் பையனோட அம்மா மாலேல இருந்து எனக்குப் போன் பண்ணுவா. 'அழாம இருக்கானா'ன்னு மட்டுந்தான் கேப்பா. யார் மடில இருக்கான்னு கேக்க மாட்டா. எனக்கும் அதாங்க்கா."

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று சொல்வார்கள். தானே வளருவது எங்கே? யாரோ ஒருத்தி வளர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே அந்தப் பையனுக்கு என் தங்கை; இங்கே தங்கை பிள்ளைக்கு நான். ஆனால் அவள், "உன் அம்மா திங்கட்கிழமை போன் பண்ணுவாங்க, தம்பிப் பாப்பாவோட வருவாங்க" என்று தெரிந்த அரைகுறை திவேஹியில் தினமும் அவனுக்குச் சொல்லிக் கொண்டே இருந்தாள். அவன் தாயாரின் இடத்தை அப்படியே காலியாகக் காத்து வைத்திருந்தாள். நான் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து விட்டேன். வித்தியாசம் அதுதான்.

ஊர் திரும்பியதும் சில வழக்கங்களை மாற்றினேன். பிள்ளையை விட்டுவிட்டு வெளியூர் போன தாய்மார்களின் வீட்டுப் பெரியவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

பிள்ளைக்குப் பாலோ, புதுச் சட்டையோ கொடுக்கும்போது, "இது உங்கம்மா உனக்காக வாங்கச் சொன்னது" என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளையின் முடி வெட்டுவது, பள்ளியில் சேர்ப்பது, ஊசி போடுவது எல்லாவற்றையும் தாயைக் கேட்டுச் செய்யுங்கள். போனில் "அம்மாவுக்கு முத்தம் கொடு" என்று வற்புறுத்தாதீர்கள். அதற்குப் பதில் இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது செய்யட்டும். தங்கை அங்கே காகிதத்தில் மீன் வெட்டுவாள். பாப்பா இங்கே வெட்டுவாள். "பெரியம்மா" என்பதை நான் தினமும் திருத்தினேன். முதல் வாரம் பாப்பா முறைத்தாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு

ஏஜெண்டு வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். தங்கைக்கு இரண்டு அறை வீடு என்று ஆசை காட்டி, இரண்டு மாதச் சம்பளத்தைக் கமிஷனாக வாங்கிக் கொண்டவர் ஒருவர் உண்டு. வீடு, விடுமுறை, டிக்கெட், வைத்தியச் செலவு எல்லாம் ஒப்பந்தக் கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அதன் நகல் ஒன்று ஊரில் இருக்கட்டும். சம்பளம் அந்நாட்டு ரூஃபியாவில்தான் வரும். அதை டாலராக்கி ஊருக்கு அனுப்புவதில் சிரமமும் நஷ்டமும் உண்டு. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களிடம் இதை விசாரித்துக் கொண்டு கணக்குப் போடுங்கள்.

அது முழுக்க இஸ்லாமிய நாடு. வழிபாட்டு விக்கிரகம், மதுபானம், பன்றி இறைச்சி எதையும் கொண்டு போகக் கூடாது. நான் திருச்செந்தூர் முருகனை மனசுக்குள்ளேயே கும்பிட்டுக் கொண்டேன். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டையும் கூடவே வைத்துக் கொள்ளுங்கள். கை மூடிய பருத்தி உடைகள் நிறைய வேண்டும். கூடவே ஒரு கத்தரிக்கோல், பசை, வண்ணக் காகிதம். சின்னப் பிள்ளைகளின் டீச்சருக்கு அதுதான் ஆயுதம்!

காரமாகக் கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். போகத்தான் வேண்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லிண்டல் மட்டத்தில் நின்ற வீடு அந்தச் சம்பளத்தில்தான் கூரை கண்டது. அந்தக் கணக்கும் உண்மை, இந்தக் கண்ணீரும் உண்மை. போனவளைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

2025-ல் தங்கையின் இரண்டு வருடம் முடிந்தது. கடனில் கொஞ்சம் பாக்கி இருந்ததால் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டாள். ஆனால் இந்தத் தடவை தனி வீடு கிடைக்கிற வேறொரு தீவில். குடும்ப விசா, வாடகை எல்லாம் கணக்குப் பார்த்து, பாப்பாவையும் கூடவே கூட்டிக் கொண்டு போய்விட்டாள். தங்கை வீட்டுக்காரர் பாவம், எங்கள் வீட்டில்தான் ராத்திரி சாப்பாடு.

வீடு மறுபடியும் வெறிச்சென்றுதான் இருக்கிறது. ஏழரை மணிக்குப் போன் வரும். போன வாரம் பாப்பா அவள் வகுப்பு நோட்டைக் காட்டினாள். இடது ஓரத்தில் மீன் ஒட்டியிருந்தது. "மிஸ் ஒட்டினாங்களா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"இது எங்க மிஸ் இல்ல, எங்கம்மா ஒட்டினது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல பெரியம்மா!" என்றாள்.

அடுத்த இதழில், நீங்கள் பலரும் கேட்டிருந்த வெயில் கால வற்றல் வகைகளோடு சந்திக்கிறேன், சகோதரிகளே.